மலைத்தடமும் ஒரு நேர்ச்சையும்

எங்கள் மகனுக்குக் காறை எலும்பு முறிந்த செய்தி, அது முறிந்து இருபத்து மூன்று நாள்கள் கழிந்த பின்னரே எங்கள் காதுக்கு எட்டியது. 2023ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் அது. ஞாயிறுதோறும் திருப்பலி முடிந்து வீடு திரும்பியதும் அவனோடு கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசுவது எங்கள் வழக்கம். அந்த மூன்று ஞாயிறுகளிலும் கழுத்துக்கு மேல் மட்டுமே தெரியும்படி அவன் கைப்பேசியை நிறுத்திவைத்திருந்தான். நாங்கள் இருவரும் ஆசிரியர்கள். ஒருவர் புவியியல், மற்றவர் தமிழ். முப்பது ஆண்டுகளாக மாணவர்களின் பொய்களைக் கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவர்கள். ஆயினும் இச்சிறு தந்திரம் எங்கள் கண்ணில் படவில்லை. நான்காம் ஞாயிறன்று காப்பிக் கோப்பையை எடுக்க இடக்கையை நீட்டியவன் முகம் சுளித்தான். தமிழாசிரியை கேட்டார், உண்மை வெளிவந்தது.

அவன் 2019ஆம் ஆண்டு முதல் வேல்ஸ் நாட்டின் வடபகுதியில் ஒரு மருத்துவமனையில் செவிலியராகப் பணியாற்றி வருகிறான். சாலையில் எந்த வாகனமும் அவன்மீது மோதவில்லை. விடுமுறை நாளில், தன் பணத்தில் வாங்கிய தடித்த சக்கர மிதிவண்டியைத் தானே மலைமேல் ஏற்றிச் சென்று, காட்டினூடே பாறைகள் துருத்தி நிற்கும் ஒற்றையடித் தடத்தில் இறங்கி வருகையில் தூக்கியெறியப்பட்டிருக்கிறான். இதுதான் எங்களுக்குப் பொறுக்க முடியாததாயிற்று. தானாக வந்த துன்பத்திற்கு ஆண்டவரிடம் முறையிடலாம். தேடிச் சென்று வாங்கி வந்த துன்பத்திற்கு யாரிடம் முறையிடுவது?

எலும்பு கூடியது. கூடியதும் மறுபடியும் மலைக்குப் போனான். அப்போதுதான் நாங்கள் நேர்ந்துகொண்டோம்: அவன் அந்த மலைச் சைக்கிளை விட்டுவிட்டால், திருச்சியிலிருந்து வேளாங்கண்ணி வரை இருவரும் நடந்தே வருகிறோம் என்று. அறுபதைத் தாண்டிய முழங்கால்களுக்கு அது சிறிய நேர்ச்சை அன்று. இதைப் பங்குத்தந்தையிடம் சொன்னபோது அவர் சிரித்துவிட்டார். நேர்ச்சை என்பது அதைச் செய்பவரை மட்டுமே கட்டுப்படுத்தும் எனத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1193ஆம் சட்டம் கூறுகிறதாம். “நடக்க வேண்டியவர்கள் நீங்கள். விட வேண்டியவன் அவன். அவனைக் கேட்காமலே அவனை உள்ளே சேர்த்துவிட்டீர்களே” என்றார். அந்த விளக்கம் அன்று எங்களுக்கு உவப்பாயில்லை. சட்டம் படித்தவரிடம் ஆறுதல் தேடிப் போகக்கூடாது என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தோம்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எங்களில் புவியியல் ஆசிரியர் உய்யக்கொண்டான் வாய்க்கால் கரையோரமாகவே இருபத்தெட்டு ஆண்டுகள் பள்ளிக்குச் சைக்கிளில் சென்றவர். சிறுவயதில் குரங்குப் பெடல் போட்டுப் பழகிய நாள்களில் ஒருமுறை வண்டியோடு வாய்க்காலுக்குள்ளேயே போனவர். இதை மகனிடம் அவர் என்றும் சொன்னதில்லை. எனவே கண்டிக்கும் பொறுப்பு முழுவதும் தமிழாசிரியையின் தலையில் விழுந்தது. மகனிடம் சொல்ல வேண்டிய வாக்கியத்தை அவர் திருச்சியிலேயே திருத்தமாக அமைத்து மனப்பாடம் செய்துகொண்டார். 2025ஆம் ஆண்டு ஜூன் மாதம் விமானம் ஏறினோம்.

மகனுக்கு எங்கள் நோக்கம் தெரிந்திருந்தது. அதனால்தானோ என்னவோ, மலைக்குப் போவோம் என்று காரில் அழைத்துச் சென்றவன், முதலில் எங்களைக் கொண்டுபோய் நிறுத்தியது ஒரு துறவு மடத்தின் இடிபாட்டின் முன்னால். டோல்கெத்லை என்னும் சாம்பல்நிறக் கற்களாலான சிற்றூருக்கு அருகே, மௌதாக் ஆறும் வ்னியான் ஆறும் சேருமிடத்தை ஒட்டி, பசும்புல்வெளியில் அது நிற்கிறது. 1198ஆம் ஆண்டில் சிஸ்தர்சியன் துறவிகள் நிறுவிய மடம். பெயர் கமெர். வேல்ஸ் மொழியில் அச்சொல்லுக்கு ஆறுகள் கூடுமிடம் என்று பொருள். “நம்ம கூடல்” என்றார் தமிழாசிரியை. அன்று அவர் முகத்தில் வந்த முதல் மலர்ச்சி அது. செல்வம் குறைந்த மடம். ஆடு வளர்த்தார்கள், குதிரை வளர்த்தார்கள். எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்த காலத்தில், 1536ஐ ஒட்டி, இதுவும் கலைந்தது. மேற்கூரையின்றிச் சுவர்கள் மட்டும் எஞ்சியிருக்கின்றன. கிழக்குச் சுவரின் மூன்று ஒடுங்கிய சாளரங்கள் வழியாக அன்று வானம் தெரிந்தது.

அதன் பிறகு அவன் சொன்ன செய்தி எங்களுக்குப் புதிது. 1890ஆம் ஆண்டில் அருகிலுள்ள ஒரு மலைப்பள்ளத்தாக்கு வழியே சென்ற இருவரின் கண்ணில் கற்களுக்கிடையே ஏதோ உலோகம் தட்டுப்பட்டிருக்கிறது. எடுத்துப் பார்த்தால், பொன்முலாம் பூசிய வெள்ளியாலான இரசக்கிண்ணமும் அப்பத்தட்டும். பதின்மூன்றாம் நூற்றாண்டு வேலைப்பாடு. இன்று கார்டிஃப் நகரின் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மடம் கலைந்தபோது யாரோ மலையை நம்பி அங்கே ஒளித்துவைத்தார்கள் என்பதே பலரும் கொள்ளும் கருத்து. அந்தப் பள்ளத்தாக்கின் பெயரும் துறவியின் பள்ளத்தாக்கு என்றே பொருள்படும். மகன் எங்களை இளக்குவதற்காகவே அங்கே அழைத்துச் சென்றான் என்பது விளங்காமலில்லை. ஓரளவு இளகியும் போனோம்.

மடத்திலிருந்து மௌதாக் ஆற்றை எதிர்த்து வடக்கே சில கிலோமீட்டர் சென்றால் காடு தொடங்குகிறது. கோய்ட் அ ப்ரெனின் என்று பெயர்; அரசரின் காடு என்பது பொருள். பெயர் பழையதன்று. முதல் உலகப்போரில் பிரிட்டன் மரத்துக்குத் தட்டுப்பட்டுத் தவித்தது. அகழிகளுக்கும் சுரங்கங்களுக்கும் முட்டுக்கொடுக்க மரமில்லாமற் போயிற்று. அதன் விளைவாக 1919இல் அரசு வனவாரியம் ஒன்றை நிறுவியது. அவ்வாரியம் 1922இல் ஒரு பண்ணைக் குடும்பத்தின் நிலத்தை வாங்கி ஊசியிலை மரங்களை வரிசை வரிசையாக நட்டது. 1935இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளி விழா நினைவாக அதற்கு இப்பெயர் சூட்டப்பட்டது. ஆகவே இது வெட்டுவதற்காக நட்ட காடு. அடர்ந்த டக்ளஸ் ஃபர் மரங்களின் அடியில் நண்பகலிலும் பூசையறை இருட்டு. ஓடைக் கரைகளில் மட்டும் பழைய ஓக் மரங்கள், பாசி போர்த்திக்கொண்டு, தங்களுக்குரிய இடத்தை விட்டுக்கொடாமல் நிற்கின்றன. மௌதாக், ஈடன், கைன், வென் எனச் சிற்றாறுகள் இக்காட்டினூடே பள்ளத்தாக்குகளை அறுத்துக்கொண்டு இறங்குகின்றன.

இம்மலைகளைத் தோண்டாத நூற்றாண்டு குறைவு. அருவிகளின் அருகே தங்கச் சுரங்கம் இருந்தது. இன்னோரிடத்தில் புல்தரையிலேயே செம்பு ஊறியிருந்ததாம். அந்தக் கரிமண்ணை வெட்டியெடுத்து, சூளையில் எரித்து, சாம்பலிலிருந்து செம்பு பிரித்திருக்கிறார்கள். புவியியல் ஆசிரியர் இதை இருமுறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்.

மரம் ஏற்றும் லாரிகளுக்காகப் போட்ட அகன்ற பாதைகள் மட்டுமே இருந்த காட்டில், 1990களில் மிதிவண்டிக்கென்றே ஒடுங்கிய தடங்களை அமைக்கத் தொடங்கியவர் டாவித் டேவிஸ் என்னும் வனக்காவலர். டாவித் என்பது தாவீது என்பதன் வேல்ஸ் வடிவமே. பிரிட்டனில் மலைமிதிவண்டிக்கென்றே தடம் அமைத்த முதல் மையம் என இவ்விடம் பெயர் பெற்றது. பிற்காலத்தில் பிரிட்டன் முழுவதும் எழுந்த இத்தகைய காட்டு மையங்களுக்கு இதுவே முன்மாதிரி.

அந்த வண்டியின் பிறப்பைப் பற்றியும் மகன் வழியில் சொன்னான். கலிபோர்னியாவில் டமால்பையஸ் மலையை ஒட்டிய ஊர்களில் சில இளைஞர்கள், 1930களிலும் 1940களிலும் செய்யப்பட்ட தடித்த டயர் வண்டிகளைப் பழைய இரும்புக் கடைகளில் பொறுக்கியெடுத்து, மண்பாதைகளில் மலையிறங்கி விளையாடினார்கள். 1976இல் அதைப் போட்டியாகவே நடத்தினார்கள். மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தொலைவில் ஏறத்தாழ 400 மீட்டர் இறக்கம். பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பழைய பிரேக்கின் உள்ளேயிருந்த கிரீஸ் ஒரே இறக்கத்தில் சூடேறிப் புகைந்து போய்விடுமாம். ஒவ்வொரு முறையும் புதிதாக அடைக்க வேண்டியிருந்ததால் அந்தப் பாதைக்கே ‘ரீபேக்’ என்று பெயர் வந்துவிட்டது. இருபது ஆண்டுகளில், 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில், அது உலக விளையாட்டாகவும் ஆகிவிட்டது. “ஆக, ஆரம்பமே பிரேக் பிடிக்காத கதைதான்” என்றார் தமிழாசிரியை.

காட்டு முகப்பில் வட்ட வடிவில் அழகிய கட்டடம் ஒன்று இருந்தது. அதன் உணவகமும் கடையும் 2025 மார்ச் 31ஆம் நாளோடு மூடப்பட்டிருந்தன. நிதி நெருக்கடி காரணமாம். தடங்கள் மூடப்படவில்லை. வண்டிகளைக் காரின் பின்புறம் கட்டிவந்தவர்கள் அவரவர் குடுவையிலிருந்து தேநீர் ஊற்றிக் குடித்துவிட்டு மரங்களுக்குள் மறைந்துகொண்டிருந்தார்கள். நாங்களும் எங்கள் குடுவையைத் திறந்தோம். உள்ளூர் மக்கள் அக்கட்டடத்தை மீட்க முயன்று வருவதாக மகன் சொன்னான். கடைசி ஊழியர் விடைபெற்றுப் போன நாளில் தானும் அங்கு வந்திருந்ததாகச் சொல்லும்போது அவன் குரல் சற்று மாறியது. ஒரு காட்டுத் தேநீர்க் கடைக்காக இவன் இவ்வளவு வருந்துவானேன் என்று அப்போது எங்களுக்குப் புரியவில்லை.

தடங்களுக்கு நிறங்கள் உண்டு. பச்சை எளியது, நீலம் அதற்கடுத்தது, சிவப்பு கடினம், கறுப்பு மிகக் கடினம். ஏறத்தாழ 38 கிலோமீட்டர் நீளும் கறுப்புத் தடம் ஒன்றுக்குக் கொடுவிலங்கின் பெயரையே வைத்திருக்கிறார்கள். எங்களுக்கென அவன் தேர்ந்துவைத்திருந்தது ‘அர் ஆவன்’, அதாவது ‘ஆறு’ என்னும் எளிய வழி. மௌதாக் ஆற்றை ஒட்டி அருவிகள் வரை சென்று திரும்பும் அகன்ற வனப்பாதை. அவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு எங்களோடு நடந்தான். வண்டியைப் பற்றி ஒரு சொல்: நம் ஊர்ச் சைக்கிளோடு அதற்கு உறவு கொஞ்சம்தான். கேரியர் இல்லை, மட்கார்டு இல்லை, மணி இருந்தது. முன் கவையிலும் பின்புறத்திலும் அதிர்வுதாங்கிகள். இறக்கத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால் இருக்கை தாழ்ந்துகொள்கிறது. விலையைக் கேட்டோம். மகன் அருவியின் ஓசையில் காது கேட்காதவன் போல் நடித்தான். அருவி இன்னும் இரண்டு கிலோமீட்டர் தொலைவில் இருந்தது.

வழியில் சிவப்புத் தடம் ஒன்று எங்கள் பாதையைக் குறுக்காகக் கடந்தது. அங்கே எங்களை நிறுத்தி, தடத்தைப் பார்க்கச் சொன்னான்.

“இது சைக்கிளுக்காகப் போட்ட பாதைன்னு நினைக்கிறீங்களாப்பா? முதல்ல தண்ணிக்காகப் போட்டது.”

புவியியல் ஆசிரியர் குனிந்தார். அடுத்த அரைமணி நேரம் அவர் எங்களோடு இல்லை என்றே சொல்ல வேண்டும். உருளைக்கிழங்கை வட்டவட்டமாய் அரிந்து அடுக்கி, சமவுயரக் கோடுகளைக் கற்பித்தவர் அவர். அந்தக் கோடுகளின்மீது மனிதர் கையால் ஒரு பாதை எழுதப்பட்டிருப்பதை அன்று கண்டார். மலையின் சரிவு நேராக எங்கே இறங்குகிறதோ அவ்வழியே பாதை போட்டால், முதல் மழையிலேயே அது ஓடையாகிவிடும், ஓராண்டில் பள்ளமாகிவிடும். ஆகவே பாதையைச் சரிவுக்குக் குறுக்கே, மலையின் இடுப்பைச் சுற்றிக் கொண்டுபோக வேண்டும். பாதையின் ஏற்றம் மலைச்சரிவின் ஏற்றத்தில் பாதியைத் தாண்டலாகாது. சராசரி நூற்றுக்குப் பத்துக்கு மேல் போகாமலிருப்பது நல்லது. இலைமக்கு கலந்த மேல்மண் நீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும் என்பதால் அதை முழுவதும் வழித்தெடுத்துவிட்டுக் கெட்டிமண்ணில் தளம் வெட்டுகிறார்கள். அந்தத் தளமும் சமமாக இராது. பள்ளத்தாக்கின் பக்கம் இம்மியளவு சாய்ந்திருக்கும். மேலிருந்து வரும் நீர் பாதையில் நில்லாமல் குறுக்கே கடந்து போய்விடும். அப்படியும் தப்பிப் பாதையோடு ஓடிவரும் நீருக்காக, ஆங்காங்கே பாதையே சற்றுத் தாழ்ந்து மீண்டும் எழும். நீர் அந்தத் தாழ்விடத்தில் வெளியேறும். வண்டியில் வருபவனுக்கோ அது தாலாட்டு. தன்னை மகிழ்விக்கவே அந்த மேடு பள்ளங்கள் அமைந்தன என்று அவன் எண்ணிக்கொள்கிறான்.

நீர் கசிந்துகொண்டேயிருக்கும் இடங்களில் கற்களைச் செங்குத்தாக, பல்வரிசைபோல நெருக்கி நட்டிருந்தார்கள். கலவை இல்லை, ஒரு கல் மற்றொரு கல்லைப் பிடித்து நிறுத்துகிறது. “கல்லணை வேலை மாதிரி இருக்குடா” என்றார் ஆசிரியர். கொஞ்சம் மிகைதான். மகிழ்ச்சியில் சொன்னார்.

ஒரு தாழ்விடத்தில் ஊசியிலைகள் அடைத்து நீர் தேங்கியிருந்தது. மகன் பேச்சை நிறுத்தாமலே காலணியின் குதியால் இரண்டு இழுப்பு இழுத்தான். வழி திறந்துகொண்டது, தேங்கிய நீர் கலங்கலாய்ச் சரிவில் இறங்கி மறைந்தது. மாதத்தில் ஒரு விடுமுறை நாள் வேறு சிலரோடு மண்வெட்டியுடன் இதற்கென்றே வருகிறானாம். வீட்டில் இருந்த காலத்தில் கொல்லைப்புறச் சாக்கடையை ஒருநாளும் தள்ளிவிடாதவன் இவன் என்பதைத் தமிழாசிரியை நினைவுபடுத்தினார்.

குதிரை ஏறிய பெண்மணி ஒருவர் எதிரே வந்தார். மகன் வண்டியை ஓரமாக நிறுத்தி, இரு கால்களையும் தரையில் ஊன்றி, உரக்க வணக்கம் சொன்னான். மனிதக் குரல் கேட்டால் குதிரை மிரளாதாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடைபாதை வேறு, குதிரைப்பாதை வேறு. நடைபாதையில் சைக்கிளுக்கு உரிமை இல்லை. 1968ஆம் ஆண்டு நாட்டுப்புறச் சட்டம் குதிரைப்பாதைகளில் சைக்கிளை அனுமதித்தது. ஆனால் நடப்பவருக்கும் குதிரைக்கும் வழிவிட வேண்டும் என்ற கட்டளையோடு. பெண்மணி சிரித்துத் தலையசைத்துக் கடந்தார். வேகமாக வருபவன் மெதுவாக வருபவனுக்கு வழிவிடுவதைச் சட்டமாக்கியிருப்பது, திருச்சிச் சாலைகளில் நாளும் உயிரைக் கையில் பிடித்து நடக்கும் எங்களுக்கு விந்தையாயிருந்தது.

“விழுந்த இடத்தைக் காட்டு” என்றார் தமிழாசிரியை.

சற்றுத் தயங்கிவிட்டுக் காட்டினான். இரண்டாண்டுகளாக எங்கள் உறக்கத்தில் அது ஒரு கொடும்பாறையாகவே இருந்துவந்தது. கீழே ஆழம் தெரியாத பள்ளம். நேரில் கண்டது முழங்கால் உயரக் கற்பலகை. பாசி படர்ந்த ஒரு படி, அவ்வளவே. நம் வீட்டுத் திண்ணை அதைவிட உயரம். தமிழாசிரியை அதன்மேல் கை வைத்துப் பார்த்தார். எங்களுக்கு அங்கே கோபப்படக்கூட ஏதும் கிடைக்கவில்லை.

“கல்லைப் பார்த்தேம்மா. அதான் தப்பு. எங்க போகணுமோ அங்கதான் பார்க்கணும். கல்லைப் பார்த்தா கை அங்கதான் திரும்பும்.”

“அதுக்குப் போகாமலே இருந்திருக்கலாமே” என்றார் தமிழாசிரியை. மனப்பாடம் செய்துவந்த வாக்கியத்தின் முன்னுரை அது என்று எங்கள் இருவருக்கும் தெரியும். ஆனால் மகன் அப்போதுதான் பேசத் தொடங்கினான்; வாக்கியம் தள்ளிப்போயிற்று.

2020ஆம் ஆண்டின் வசந்தத்தில் அவனுடைய மருத்துவமனைக் கூடம் முழுவதும் கொரோனா நோயாளிகளால் நிறைந்துவிட்டது. வந்து ஓராண்டுகூட முழுதாய் ஆகாத நாட்டில், மொழி பாதி புரியாத முதியவர்களின் கடைசி மணிநேரங்களில் இவன் உடனிருந்தான். குடும்பத்தார் உள்ளே வர முடியாது. இவனே கைப்பேசியை அவர்கள் முகத்தருகே பிடித்துக்கொண்டு நிற்பான்; மறுமுனையில் பிள்ளைகள் வேல்ஸ் மொழியில் விடைபெறுவார்கள். அந்நாள்களில் நாங்கள் அவனிடம் கேட்டதெல்லாம் சாப்பிட்டாயா, முகக்கவசம் போட்டாயா என்பதுதான். அவனும் ஆமாம் என்றுதான் சொல்லியிருக்கிறான். அலை ஓய்ந்த பின் உறக்கம் ஓடிப்போயிற்று. கண்ணை மூடினால் அந்தக் குரல்கள். 2021 கோடையில் உடன் பணிபுரிந்த ஒருவர் பழைய வண்டியொன்றைக் கொடுத்து இக்காட்டுக்கு அழைத்துவந்தார்.

“இறங்கும்போது முன்னால இருக்கிற பத்தடி தவிர வேற எதையும் நினைக்க முடியாதும்மா. நினைச்சா விழுந்துடுவோம். அன்னிக்கு ராத்திரி தூங்கினேன். ஒரு வருஷத்துக்கு அப்புறம்.”

இதைச் சொல்கையில் அவன் எங்களைப் பார்க்கவில்லை. பிரேக் கம்பியில் ஒட்டியிருந்த சேற்றை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான். நாங்கள் நடந்தோம். அருவிகள் வந்தன: ஒன்று மௌதாக் ஆற்றினுடையது, மற்றொன்று கைன் ஆற்றினுடையது. இரண்டும் ஒன்றுக்கொன்று கூப்பிடு தொலைவில் விழுகின்றன. வழக்கமாகப் படம் எடுக்கும் நாங்கள் எடுக்கவில்லை.

திரும்பும் வழியில், ஆற்றின்மேல் பாலம் ஒன்றின் அருகே எங்களை உட்காரவைத்துவிட்டு, ஒரு சிவப்புச் சுற்றுப் போய்வர அனுமதி கேட்டான். ஒன்றரை மணி நேரம் என்றான். இருபத்தொன்பது வயதுப் பிள்ளை எங்களிடம் அனுமதி கேட்டது அதுவே கடைசியாக இருக்கலாம் என்று தோன்றியது. போய்வா என்றோம்.

தூறல் தொடங்கியது. குடையை விரித்துக்கொண்டு பாலத்தோரக் கல்லில் அமர்ந்திருந்தோம். பத்து வயதுச் சிறுமி ஒருத்தி தந்தையின் பின்னால் பாலத்தைக் கடந்தாள். முகத்தில் சேற்றுப் பொட்டுகள். அவள் எங்களைப் பார்த்துக் கையசைத்தாள். ஒரு மணி நேரம் போயிற்று. நேர்ச்சையைப் பற்றிப் பேசினோம். நாங்கள் அன்னையிடம் கேட்டது உண்மையில் எது என்று புவியியல் ஆசிரியர் கேட்டார். பிள்ளை நலமாக இருக்க வேண்டும் என்பதுதானே? அந்த நலத்தை நான்காண்டுகளாக அவனுக்குத் தந்துவந்த ஒன்றை எடுத்துக்கொண்டுபோகச் சொல்லியல்லவா வேண்டியிருக்கிறோம்? தமிழாசிரியை விடை சொல்லவில்லை. ஒன்றரை மணி நேரம் கடந்தது. பிறகு பத்து நிமிடம். பிறகு இருபது. கைப்பேசியில் அலைவரிசை இல்லை. ஆற்றின் இரைச்சல் கூடிவிட்டதுபோல் தோன்றியது. தமிழாசிரியை கைப்பையிலிருந்து செபமாலையை எடுத்தார். நலம், நலம் என்று பேசுவதெல்லாம் எளிது. மரங்களுக்கிடையே ஒரு தலைக்கவசம் தெரியும்வரை காத்திருப்பது வேறு. அந்த இருபது நிமிடங்களில் நாங்கள் மீண்டும் பழைய நேர்ச்சைக்கே போய்விட்டோம் என்பதை மறைக்க விரும்பவில்லை.

வந்துவிட்டான். வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். தலைமுதல் கால்வரை சேறு, பல் மட்டும் வெண்மை. செயின் அறுந்துவிட்டதாம், வழியில் கண்ட முன்பின் அறியாத ஒருவர் நின்று, தம்மிடமிருந்த இணைப்புக் கண்ணியைக் கொடுத்து மாட்டிவிட்டாராம், அது மீண்டும் நழுவியதாம். மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போனான். ஆறாம் வகுப்பில் பரிசு வாங்கி வந்த நாளில் அப்படிப் பேசினான். அதற்குப் பின் அந்தக் குரலை நாங்கள் கேட்டதில்லை.

தமிழாசிரியை எழுந்து நின்றார். திருச்சியில் அமைத்த வாக்கியம் அவர் நாவின் நுனியில் இருந்தது. “முகத்தைத் துடை” என்று முந்தானையை நீட்டினார்.

ஆகஸ்டு மாதம் ஊர் திரும்பியதும் பங்குத்தந்தையைப் பார்த்தோம். நிபந்தனையை எடுத்துவிட்டோம், நடப்பதை மட்டும் வைத்துக்கொள்கிறோம் என்றோம். இப்போது அது சட்டப்படி சரியாக இருக்கிறது என்றார், முன்போலவே சிரித்துக்கொண்டு. கொடியேற்றத்துக்கு முன்னதாகவே புறப்பட்டோம். நாகப்பட்டினத்துக்கு முன்னால் பதினைந்து கிலோமீட்டர் பேருந்தில் போனோம் என்பதையும் சொல்லிவிடுகிறோம். முழங்கால்கள் அதற்குமேல் இணங்கவில்லை.

தஞ்சையைத் தாண்டிய மாலையில் இடிமழை கொட்டி ஓய்ந்தது. நடைப்பயணிகளுக்கென விட்டிருந்த சாலையோர மண்பாதை நெடுகத் தண்ணீர் தேங்கி, காவியுடுத்த கூட்டம் முழுவதும் தார்ச்சாலைக்கு ஏறிவிட்டது. பின்னால் லாரிகள் ஒலியெழுப்பிக்கொண்டிருந்தன. புவியியல் ஆசிரியர் மட்டும் மண்பாதையிலேயே நின்றுவிட்டார். சாய்வு வைக்காமல் போட்டிருக்கிறார்கள், வெளியேற வழியே இல்லை என்று யாரையோ கடிந்துகொண்டார். பிறகு குனிந்து ஓரத்து மண்வரம்பைப் பார்த்து, அடைத்துக்கிடந்த வைக்கோலைச் செருப்பின் குதியால் இழுத்தார். ஒருமுறை; இன்னொரு முறை. நீர் வாய்க்காலை நோக்கி மெல்ல நகர்ந்தது.

தமிழாசிரியை சற்று முன்னால் நின்று, கைப்பேசியை அப்பக்கமாகத் திருப்பிப் பிடித்திருந்தார். மறுமுனையில் மகன் சிரித்துக்கொண்டிருந்தான்.